ஊர் இலக்கிய வட்டத்தை ஜூமில் நடத்துவது எப்படி

"ஊரடங்கு முடியட்டும், அப்புறம் கூடலாம்" என்று சொன்ன வட்டங்களில் சில இப்போது குட்மார்னிங் படம் அனுப்பும் வாட்ஸப் குழுவாக மட்டும் மிச்சமிருக்கின்றன. 2020 மார்ச் 25 அன்று கொரோனாவுக்காக 21 நாள் என்றுதான் ஆரம்பித்தது. அது நீண்டு, தளர்ந்து, 2021 மே 10-இலிருந்து தமிழ்நாட்டில் மறுபடி முழு ஊரடங்கு, மே 24-இலிருந்து மளிகைக் கடையும் திறக்காத ஊரடங்கு. ஜூன் பிறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள், சரி. ஆனால் ஒரு மாடி அறையில் இருபது பேர் நெருக்கி உட்கார்ந்து மூன்று மணி நேரம் கதை பேசுவதெல்லாம் அப்போதைக்கு நடக்கிற காரியமாக இல்லை, நடந்திருக்கவும் கூடாது. எங்கள் கோவில்பட்டியில் நாங்கள் இணையத்துக்கு மாறி வெகு நாளாகிறது. எப்படி நடத்துகிறீர்கள் என்று பக்கத்து ஊர்களிலிருந்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவைக்கிறேன்.

இது யாருக்கு என்றால், பத்திலிருந்து முப்பது பேர் கூடுகிற, பாதிப் பேர் ஐம்பது வயதைத் தாண்டிய, லேப்டாப் இரண்டு மூன்று பேரிடம் மட்டும் இருக்கிற, கையில் நிதி என்று எதுவும் இல்லாத வட்டங்களுக்கு. பெரிய விழா நடத்துகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

முதலில் முடிவு செய்யவேண்டியது

எந்த செயலி என்பதைவிட முந்தின கேள்வி ஒன்று இருக்கிறது: நீங்கள் நடத்தப்போவது நிகழ்ச்சியா, வட்டமா? இணையத்துக்கு வந்ததும் எல்லோருக்கும் ஓர் ஆசை வரும். ஃபேஸ்புக் நேரலை விடலாம், யூடியூப் சேனல் தொடங்கலாம், போட்டோ போட்டு அழைப்பிதழ் அடிக்கலாம், உலகமே பார்க்கும் என்று. உலகம் பார்க்காது. பன்னிரண்டு பேர் பார்ப்பார்கள், அதில் ஒன்பது பேர் ஏற்கனவே உங்கள் ஜூமுக்குள் இருப்பவர்கள்தான். ஆனால் நேரலை ஓடுகிறது என்று தெரிந்த கணத்தில் எல்லோரும் மேடையில் நிற்கிற மாதிரி பேச ஆரம்பித்துவிடுவார்கள், "இந்த இடத்தில் கதை செத்துப்போச்சு அண்ணாச்சி" என்று சொல்கிறவர்கூட "சிறப்பான முயற்சி" என்று முடித்துக்கொள்வார். எழுதுகிறவனுக்கு வட்டத்தால் கிடைக்கிற ஒரே நன்மை அந்த முதல் வகைப் பேச்சுதான். ஆகவே நேரலை வேண்டாம். பதிவும் வேண்டாம் என்பேன்; கட்டாயம் வேண்டுமென்றால் எல்லோரிடமும் கேட்டுவிட்டு, வெளியூர் விருந்தினர் பேசும் பகுதியை மட்டும் பதிவு செய்யுங்கள்.

இதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. வட்டத்தில் வாசிக்கப்படுவது பெரும்பாலும் இன்னும் பத்திரிகைக்குப் போகாத கதை. பத்திரிகைகளும் போட்டிகளும் "வேறெங்கும் வெளியாகாதது" என்று கேட்கின்றன. யூடியூபில் முழுக்கதையும் வாசித்துக் கிடந்தால் அது வெளியானதா இல்லையா என்று கதை எழுதிய பையன் யாரிடம் போய் விளக்கிக்கொண்டிருப்பான்?

எந்த செயலி

மூன்று வழி இருக்கிறது. ஜூம் இலவசக் கணக்கில் நூறு பேர் வரை வரலாம், ஆனால் 40 நிமிடத்தில் அதுவாகவே துண்டித்துவிடும். கூகுள் மீட்டிலும் நூறு பேர் வரலாம். குழுவுக்கு ஒரு மணி நேர வரம்பைக் கொண்டுவருவதாகச் சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டு, 2021 ஜூன் முடிவு வரை தளர்வு கொடுத்திருந்தார்கள்; அதற்குப் பிறகு இலவசக் கணக்கில் ஒரு மணி நேரம்தான். ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவரிடம் ஜிமெயில் எப்படியும் இருக்கும் என்பதால் புதுக் கணக்குத் தொல்லை இல்லை. ஜிட்சி என்று ஒரு திறந்த மென்பொருள் இருக்கிறது, கூட்டத்தைத் தொடங்குபவரைத் தவிர மற்றவர்களுக்குக் கணக்கே வேண்டாம், சுட்டியை (லிங்க்) தட்டினால் போதும். கட்டற்ற மென்பொருளில் பிடிப்புள்ள தோழர்கள் அதைத்தான் சொல்வார்கள். நான்கைந்து பேருக்கு அருமையாக இருக்கிறது, ஆள் கூடக்கூட எங்கள் ஊர் இணைப்பில் திணறியது. வாட்ஸப் வீடியோ அழைப்பில் 2021-இல் எட்டுப் பேர்தான், அதனால் அதை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

நாங்கள் ஜூமில் நின்றோம். காரணம் ரொம்ப எளிது: பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காகப் பல வீடுகளில் அது ஏற்கனவே போனில் இருந்தது. புதிதாக ஒன்றைப் போன் வழியாக எழுபது வயதுக்காரருக்கு நிறுவச் சொல்லித்தருவது என்றால் ஒரு முழுச் சாயங்காலம் போய்விடும். உங்கள் ஆட்களின் போனில் எது ஏற்கனவே இருக்கிறதோ அதுதான் உங்களுக்குச் சிறந்த செயலி.

மாதச் சந்தா கட்டினால் நாற்பது நிமிடத் தொல்லை இல்லை, ஆனால் 2021-இல் அது ஆயிரம் ரூபாய்க்கு மேல் போனது, மாதம் ஒரு கூட்டம் போடுகிற வட்டத்துக்கு அது தேவையே இல்லை. அந்தப் பணத்துக்கு இரண்டு சிறுபத்திரிகைச் சந்தா கட்டலாம். நாற்பது நிமிட வெட்டு ஒரு வரம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அமைப்பில் பார்க்கவேண்டியவை அதிகமில்லை. 2020 ஏப்ரலில் யார் யாரோ கூட்டங்களுக்குள் புகுந்து அசிங்கம் செய்ததும், உள்துறை அமைச்சகம் ஜூமைப் பற்றி எச்சரிக்கை விட்டதும் நினைவிருக்கும். அந்த மாதமே கடவுச்சொல்லும் காத்திருப்பு அறையும் தானாகவே இயங்குகிற மாதிரி செய்துவிட்டார்கள், அவற்றை அணைக்காதீர்கள். திரையைப் பகிரும் உரிமையை நடத்துபவருக்கு மட்டும் வையுங்கள். நுழையும்போதே மைக் அணைந்திருக்கும்படி அமையுங்கள். சுட்டியை வட்டத்தின் வாட்ஸப் குழுவில் மட்டும் போடுங்கள், ஃபேஸ்புக்கில் போடவே கூடாது. காத்திருப்பு அறையில் வந்து நிற்பவர் யார் என்று கண்டுபிடிப்பது தனிக் கலை. ஏனென்றால் போன் பிள்ளையுடையது, பெயர் "7-பி ஹரிணி" என்றோ வெறும் போன் மாடல் பெயராகவோ இருக்கும். அது யாராக இருந்தாலும் குழுவில் கேட்டு உறுதி செய்துகொண்டு உள்ளே விடுங்கள், விட்டதும் பெயரை மாற்றிவிடுங்கள். கவிஞர் ஒருவர் பேத்தி பெயரில் வரிசையாகக் கவிதை வாசிப்பது முதல் தடவை வேடிக்கையாக இருக்கும், மூன்றாம் தடவை எரிச்சல் வரும்.

கரண்ட் போகும். போகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடத்துபவர் ஒரே கணக்கில் லேப்டாப்பிலும் போனிலும் ஒரே நேரத்தில் கூட்டத்துக்குள் இருக்கலாம். லேப்டாப் வீட்டு இணைப்பில், போன் மொபைல் டேட்டாவில், போனின் மைக்கும் ஸ்பீக்கரும் அணைந்திருக்கட்டும். வீட்டு இணைப்பு படுத்தால் போன் கூட்டத்தைத் தாங்கிப்பிடிக்கும். ஸ்பீக்கரை ஏன் அணைக்கச் சொல்கிறேன் என்றால், ஒரே அறையில் இரண்டு கருவி பேசினால் வருகிற கீச்சொலி காதைக் கிழித்துவிடும். கணவனும் மனைவியும் தனித்தனிப் போனில் வருகிற வீடுகளிலும் இதே கதைதான், ஒருவரை வேறு அறைக்குப் போகச் சொல்லுங்கள்.

டேட்டாவை மறக்காதீர்கள். வீடியோ ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி அளவுக்குக்கூடத் தின்னும். பலரிடம் இருப்பது நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக்தான், அதிலும் காலையில் மகன் சினிமா பார்த்திருப்பான். ஆகவே முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் முகம் காட்டி வணக்கம் சொல்லிவிட்டு, அப்புறம் பேசுகிறவர் மட்டும் வீடியோ போட்டால் போதும் என்று சொல்லிவிடுங்கள். முகம் தெரியவில்லையே என்று வருத்தப்படுபவர்கள் இருப்பார்கள். பாதிப் பேர் காட்டுவது முகமல்ல, மின்விசிறிதான்.

போன் இல்லாதவர்கள்

எங்கள் வட்டத்தில் மூத்தவர்கள் சிலரிடம் பட்டன் போன்தான். தீப்பெட்டி ஆலை வேலைக்குப் போகிற தங்கை ஒருத்தி வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன், அதுவும் அண்ணன் கையில். இவர்களை விட்டுவிட்டு நடத்தினால் அது வேறு ஏதோ வட்டம். வழி இருக்கிறது, அழகாக இராது, ஆனால் வேலை செய்யும். லேப்டாப் வைத்திருக்கிற ஒருவர் தன் சாதாரண போனில் அந்த அண்ணாச்சியை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, லேப்டாப் பக்கத்தில் வைத்துவிட வேண்டியதுதான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும், வந்தால் போதும். இருவர் மூவர் என்றால் போனிலேயே கான்ஃபரன்ஸ் போட்டு அதைப் பக்கத்தில் வைக்கலாம். அந்தப் போனுக்குப் பொறுப்பானவர் வேறு எதையும் செய்யக்கூடாது, அவருடைய வேலை அதுதான்.

நேரத்துக்கு வர முடியாதவர் தன் கருத்தை வாட்ஸப்பில் குரல் பதிவாக முன்னாலேயே அனுப்பட்டும். அதைத் திரைப்பகிர்வில் கணினியின் ஒலியையும் சேர்த்துப் பகிர்கிற வசதி இருக்கிறதே, அதை வைத்துப் போட்டுக்காட்டலாம். மூன்று நிமிடத்துக்கு மேல் பதிவு என்றால் திருப்பி அனுப்புங்கள்.

கதை முன்கூட்டியே வரவேண்டும்

நேரில் கூடும்போது கதையை அங்கேயே வாசித்து அங்கேயே பேசினோம். இணையத்தில் அது எடுபடாது. இருபது நிமிடம் ஒருவர் வாசிப்பதைச் சின்ன ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இல்லை, நடுவில் குக்கர் விசில் வேறு. ஆகவே மாதத்துக்கு இரண்டு படைப்பு, அதற்கு மேல் வேண்டாம். ஞாயிறு கூட்டம் என்றால் புதன்கிழமை இரவுக்குள் குழுவுக்கு வந்துவிட வேண்டும். கதை 1,500 வார்த்தைக்குள். நாவல் எழுதுகிறவர் ஓர் அத்தியாயம் தரலாம், கூடவே "இதுவரை நடந்தது" என்று பத்து வரி.

இதில் நிஜமான தலைவலி எழுத்துருதான். யூனிகோடுக்கு முந்தின பாமினி எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்பை அனுப்புவார்கள், போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாக ஏதோ மந்திரம் மாதிரி இருக்கும். அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் பழகியவர்கள், எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு வருவதற்கு முரண்டுபிடிப்பார்கள். சண்டை போடாதீர்கள். வட்டத்தில் ஓர் இளைஞரை இதற்கென்று நியமித்து, வருகிற எல்லாவற்றையும் இணையத்தில் இருக்கிற எழுத்துரு மாற்றியில் ஒட்டி யூனிகோடாக்கி, பெரிய எழுத்தில் பிடிஎஃப் செய்து, அதைக் குழுவில் போடச் சொல்லுங்கள். பிடிஎஃப் என்றால் எந்தப் போனிலும் ஒரே மாதிரி தெரியும், பக்க எண் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும், "மூன்றாம் பக்கம் இரண்டாவது பத்தி" என்று சொல்லிப் பேசலாம். இந்தப் பக்க எண் விஷயம் சின்னதாகத் தோன்றும், ஆனால் கூட்டத்தின் தரத்தையே மாற்றிவிடுகிறது.

கையால் எழுதுகிறவர்கள் நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். அதை அப்படியே குழுவில் போடாமல் தட்டச்சு செய்து போடுங்கள். இன்னொரு வழி, அவரையே போனில் கூகுளின் குரல் தட்டச்சில் தமிழைத் தேர்ந்தெடுத்து மெதுவாக வாசிக்கச் சொல்வது. எங்கள் கரிசல் வட்டாரப் பேச்சை அது கன்னாபின்னாவென்று எழுதும், நிறுத்தற்குறி இராது, ஆனாலும் முழுக்க அடிப்பதைவிடத் திருத்துவது சுலபம்.

குழுவைப் பற்றி ஒன்று. படைப்புக்கென்று தனி வாட்ஸப் குழு வையுங்கள், நிர்வாகி மட்டும் பதிவிடும்படி. இல்லையென்றால் கபசுரக் குடிநீர் வைத்தியத்துக்கும் ஆக்சிஜன் வதந்திக்கும் நடுவில் கதை காணாமல் போய்விடும்.

நாற்பதும் நாற்பதும்

இப்போது அந்த வரம். கூட்டத்தை இரண்டு நாற்பது நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாற்பதில் ஒரு படைப்பு, அது துண்டித்துக்கொள்ளும், எல்லோரும் போய் டீ போட்டுக்கொண்டு அதே சுட்டியில் திரும்பி வருகிறார்கள், இரண்டாம் நாற்பதில் இன்னொரு படைப்பு. நம் ஊர்க் கூட்டங்களில் தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, நன்றியுரை என்று போகிற நேரம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, செயலியே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப்போகிறது என்று தெரிந்தால் வரவேற்புரை தானாகவே காணாமல் போகிறது. யாரும் யாரையும் மனம் நோகச் செய்யவேண்டியதில்லை, பழியை ஜூம் மேல் போட்டுவிடலாம்.

நாற்பது நிமிடத்தை எப்படிச் செலவிடுவது? படைப்பிலிருந்து ஒரு பக்கம் மட்டும், அதிகம் போனால் ஐந்து நிமிடம், உரக்க வாசிப்பு. எழுதியவர் வாசிக்கக்கூடாது, வேறொருவர் வாசிக்கட்டும். எழுதியவர் வாசித்தால் காகிதத்தில் இல்லாத ஏற்ற இறக்கத்தையெல்லாம் குரலில் போட்டு நிரப்பிவிடுவார். வேறொருவர் வாசிக்கும்போது எந்த வாக்கியத்தில் நாக்கு தடுக்குகிறதோ அந்த வாக்கியத்தில்தான் கோளாறு, எழுதியவருக்கே அது கேட்டுவிடும். அப்புறம் ஆளுக்கு நான்கு நிமிடமாக ஆறேழு பேர் பேசுகிறார்கள். யார் யார் என்பதைச் சனிக்கிழமையே சொல்லிவிடுங்கள், "யாராவது பேசலாமே" என்று திரையைப் பார்த்துக் கேட்டால் அந்த அமைதி பயங்கரமாக இருக்கும். எழுதியவர் கடைசியில்தான் வாய் திறக்கலாம், அதுவும் விளக்கம் சொல்ல அல்ல, கேள்வி கேட்க.

விமர்சனத்தில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். நேரில் என்றால் "கதை தேறவில்லை" என்று சொல்லிவிட்டு அப்புறம் தோளில் கை போட்டு டீக்கடைக்குக் கூட்டிப்போகலாம். இங்கே சொல்லி முடித்ததும் அந்த முகம் ஒரு சதுரத்துக்குள் உறைந்து நிற்கும், அடுத்த நிமிடம் அவர் தன் வீட்டு அறையில் தனியாக இருப்பார். அதனால் நாங்கள் ஒரு வழக்கம் வைத்தோம்: பேசுகிறவர் முதலில், தான் வாசிப்பை நிறுத்தி மறுபடி திரும்பிப் படித்த ஓர் இடத்தைச் சொல்லவேண்டும். அது பிடித்ததாகவும் இருக்கலாம், புரியாததாகவும் இருக்கலாம், ஆனால் குறிப்பிட்ட வாக்கியமாக இருக்கவேண்டும். "நடை நன்று", "கரு பழசு" போன்றவை செல்லாது. இன்னொன்று, கடுமையாகப் பேசியவர் அன்றிரவே எழுதியவரைத் தனியாகப் போனில் கூப்பிடவேண்டும். அதை யாரும் சோதிப்பதில்லை, ஆனால் கூப்பிடுகிறார்கள்.

உம் கொட்ட ஆள்

எல்லோரையும் மியூட்டில் போடு என்றுதான் எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. வகுப்புக்கு அது சரி. கதை பேசுகிற இடத்துக்குச் சரியில்லை. நம் பக்கத்தில் கதை சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்னால் "உம் கொட்டணும், இல்லைன்னா சொல்ல மாட்டேன்" என்றுதான் பாட்டி நிபந்தனை போடுவாள். எதிரே ஒரு சத்தமும் இல்லாமல் நான்கு நிமிடம் பேசிப்பாருங்கள், இரண்டாம் நிமிடத்தில் "கேக்குதா?" என்று கேட்பீர்கள், மூன்றாம் நிமிடத்தில் பேச்சு வறண்டுபோகும்.

எனவே கூட்டத்துக்கு இருவரை உம் கொட்டிகளாக நியமியுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இயர்போன் வைத்திருக்கிற, வீட்டில் சத்தம் இல்லாத, முக்கியமாக இயல்பாகவே சிரிக்கிற ஆட்கள். அவர்கள் மைக் மட்டும் எப்போதும் திறந்திருக்கும். "ம்", "ஆமா", "அடடா", ஒரு சிரிப்பு, ஓர் "உச்சு". இவ்வளவு போதும், பேசுகிறவருக்கு எதிரே மனுசர் இருக்கிறார் என்று தெரிந்துவிடும். இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், இரைச்சலாகிவிடும். நான் இந்தக் குறிப்பில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

நேரம் மீறிப் பேசுகிறவருக்கு மண்டபத்தில் துண்டுச்சீட்டு கொடுப்போம். இங்கே ஜூமின் உரையாடல் பெட்டியில் (சாட்) எழுதினால் போனில் பேசிக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது. உம் கொட்டிகளில் ஒருவர் உம் கொட்டுவதை நிறுத்திவிட்டு, "சரிங்க அண்ணாச்சி, அப்புறம் அடுத்து..." என்று அடுத்தவர் பெயரைச் சொல்லவேண்டும். அப்படியும் நிற்கவில்லையென்றால் நடத்துபவர் கையில் மியூட் பொத்தான் இருக்கிறது. மூத்தவர்களிடம் அதை உபயோகிக்காதீர்கள், நாற்பதாவது நிமிடம் வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் வருகிறார்கள், அதற்கேற்ப மாறுங்கள்

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மாடி அறைக்கு வரவே முடியாத பெண்கள் ஜூமுக்கு வருகிறார்கள். எழுதிக்கொண்டே இருந்தவர்கள்தான், பஸ் பிடித்து வந்து இருட்டில் திரும்பிப்போகத்தான் வழியில்லை. ஆனால் ஆறு மணி என்பது ஆண்கள் வைத்த நேரம். அவர்களிடம் கேட்டபோது மதியம் மூன்று மணி என்றார்கள், சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி சாயங்கால வேலை தொடங்குவதற்கு முன். நாங்கள் மாற்றிக்கொண்டோம். மதியத் தூக்கம் போகிறதே என்று முனகியவர்கள் இருந்தார்கள், இரண்டு கூட்டத்தில் பழகிவிட்டது.

வீடியோ போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். சமையலறையில் நின்றுகொண்டு இயர்போனில் கேட்பவர் ஏன் முகம் காட்டவேண்டும்? அதைவிட முக்கியமானது ஒன்று: வீட்டுக்குக் காது உண்டு. மாமியாரைப் பற்றியோ கணவனைப் பற்றியோ எழுதிய கவிதையை ஒரு பெண் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து உரக்க வாசிக்க முடியாது, மாடி அறையில் முடிந்திருக்கும். வேறொருவர் வாசிக்கவேண்டும் என்கிற விதி இங்கேயும் கைகொடுக்கிறது. தன் கருத்தைப் பேசாமல் உரையாடல் பெட்டியில் எழுதலாம், நடத்துபவர் அதைப் பெயர் சொல்லியோ சொல்லாமலோ வாசிக்கலாம். எது வேண்டும் என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

டீக்கடைக்கு இடம் விடுங்கள்

கூட்டம் முடிந்த பிறகு டீக்கடையில் நிற்கிற ஒரு மணி நேரத்துக்காகவே வருகிற ஆட்கள் ஒவ்வொரு வட்டத்திலும் உண்டு. எந்தப் பதிப்பகம் காசு தரவில்லை, எந்தப் பத்திரிகைக்கு அனுப்பலாம், யாருடைய கதை யாருடைய கதையிலிருந்து வந்தது எல்லாம் அங்கேதான். எனவே இரண்டாம் நாற்பது முடிந்ததும் மூன்றாவதாக ஒரு நாற்பதைத் திறந்துவையுங்கள், தலைப்பில்லாமல், எல்லா மைக்கும் திறந்தபடி. ஐந்தாறு பேருக்கு மேல் நிற்க மாட்டார்கள், அதுதான் சரியான அளவு. கூட்டத்தைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிக்கிற வசதி ஜூமில் இருக்கிறது, போனில் வருகிறவர்கள் அதில் திணறுவார்கள், விட்டுவிடுங்கள்.

வெளியூர் விருந்தினர்

ரயில் டிக்கெட் போட வேண்டியதில்லை, லாட்ஜ் பார்க்க வேண்டியதில்லை, யாழ்ப்பாணத்திலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ ஒருவரைக் கூப்பிடலாம் என்பது பெரிய சந்தோஷம்தான். ஆனால் மாதாமாதம் கூப்பிட்டால் வட்டம் மறுபடி நிகழ்ச்சியாகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். அன்றைக்கு மட்டும் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நமக்கு மாலை ஆறு என்றால் யாழ்ப்பாணத்திலும் ஆறுதான், சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் எட்டரை, மெல்பர்னில் இரவு பத்தரை, லண்டனில் மதியம் ஒன்றரை, டொராண்டோவில் காலை எட்டரை. இது ஜூன் மாதக் கணக்கு. குளிர்காலத்தில் லண்டனும் டொராண்டோவும் ஒரு மணி நேரம் பின்னால் போகும், மெல்பர்ன் அவர்களுடைய கோடையில் ஒரு மணி நேரம் முன்னால் போகும், ஆகவே அழைப்பில் இரண்டு ஊர் நேரத்தையும் எழுதுங்கள்.

நேரில் வந்திருந்தால் பஸ் செலவும் சாப்பாடும் ஒரு பொட்டலம் கடலை மிட்டாயும் கொடுத்திருப்போம் (2020 ஏப்ரலில் எங்கள் மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு வேறு கிடைத்தது, அதைக் கொண்டாடக்கூட முடியாமல் கடை அடைத்துக் கிடந்தது). இணையம் என்றதும் எல்லாம் இலவசம் என்று ஆகிவிடுகிறது, அது சரியில்லை. அந்தப் பஸ் செலவுக்கான தொகையையாவது அனுப்புங்கள். முடியாவிட்டால் அவருடைய புத்தகத்தில் பத்துப் பிரதியை வட்டம் சேர்ந்து வாங்கட்டும். பதிப்பாளருக்கும் அது ஓர் உதவி.

அஞ்சலிக் கூட்டம்

இதை எழுதவேண்டி வந்ததே கஷ்டம்தான். 2021 மே 17 அன்று எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) புதுச்சேரியில் மறைந்தார். எங்களுக்குப் பக்கத்திலிருக்கிற அவருடைய சொந்த ஊர் இடைசெவலில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது, முழு ஊரடங்கு காலத்தில். சாதாரண நாளாக இருந்திருந்தால் கோவில்பட்டியில் எத்தனை கூட்டம் நடந்திருக்கும்! எல்லாமே திரைக்குள் போனது. அதோடு ஒவ்வொரு வட்டமும் தன் ஆட்களையும் இழந்துகொண்டிருந்தது.

அஞ்சலிக்கு மட்டும் வேறு ஒழுங்கு. "கேக்குதா, கேக்குதா" என்கிற பேச்சு ஒன்றுகூட வரக்கூடாது என்பதால், பேசுகிறவர்களை அரை மணி முன்னாலேயே வரச்சொல்லி ஒலியைச் சரிபார்த்துவிடுங்கள். இரங்கல் உரை வேண்டாம், ஆளுக்கு ஒரே ஒரு நினைவு, முடிந்தால் மறைந்தவர் எழுதியதிலிருந்து ஒரு பத்தி. திரையில் ஒரு புகைப்படம் மட்டும் பகிர்ந்துவையுங்கள், சதுரம் சதுரமாக முகங்களைப் பார்த்துக்கொண்டு அழுவது எல்லோருக்கும் சங்கடம். குடும்பத்தினர் வந்தால் அவர்களைப் பேசச் சொல்லி அழைக்காதீர்கள், அவர்களாகக் கேட்டால் கொடுங்கள். நாற்பது நிமிடத்தில் துண்டிப்பது இந்த ஒரு நாளைக்கு ஒத்துவராது, அதனால் ஒரு மணி நேரம் கிடைக்கிற கூகுள் மீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமான கூட்டங்களிலும் முதல் ஐந்து நிமிடம் யார் யார் எப்படியிருக்கிறார்கள் என்பதற்கு. இரண்டு கூட்டம் தொடர்ந்து வராதவரை யார் கூப்பிட்டுப் பேசுவது என்று அங்கேயே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். படுக்கை, ஆக்சிஜன், மருந்துப் பேச்சு அதற்கு மேல் நீண்டால் தனிக் குழுவுக்கு மாற்றுங்கள். நோயைப் பற்றி வாரம் முழுக்கக் கேட்டுவிட்டு வருகிறவர்களுக்கு அந்த எண்பது நிமிடமாவது கதையைப் பற்றி இருக்கட்டும்.

கடைசியாக, அழைப்பு. படம் போட்டு அடிக்காதீர்கள், யார் படம் பெரிது என்கிற சண்டை வரும், வயதானவர்கள் படத்திலிருக்கும் சுட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். வெறும் எழுத்தாக, வெள்ளிக்கிழமை ஒருமுறை, ஞாயிறு மதியம் இரண்டே முக்காலுக்கு ஒருமுறை. நாங்கள் அனுப்புவது இப்படி, மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்:

"வணக்கம். இந்த ஞாயிறு மதியம் 3 மணி. இரண்டு கதை, பிடிஎஃப் புதனன்றே படைப்புக் குழுவில் போட்டாயிற்று. படிக்காமல் வரலாம், ஆனால் பேச முடியாது. முதல் கதைக்குப் பேசுபவர்கள், இரண்டாம் கதைக்குப் பேசுபவர்கள், உம் கொட்டிகள் பெயர் கீழே. 3:40-க்குத் தானாகத் துண்டிக்கும், பயப்பட வேண்டாம், டீ குடித்துவிட்டு இதே சுட்டியில் 3:50-க்கு வாருங்கள். 4:30-க்கு மேல் டீக்கடை. போனைச் சார்ஜில் போட்டுவிடுங்கள். பிள்ளை போன் என்றால் உங்கள் பெயரை மாற்றிக்கொண்டு வாருங்கள். நுழைய முடியாதவர்கள் பட்டன் போனில் கூப்பிடவேண்டிய எண் கீழே."